ஐந்து நிமிடப் பசையும் மாமனாரின் தூண்டில் ராடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பின் குறிப்புகள் பகுதியில் நாலே வரியில் ஒரு யோசனை வந்திருந்தது. பழைய தூண்டில் ராடில் நரம்பு ஓடும் வளையமான கைடைப் பிடித்திருக்கும் நூல்கட்டு மங்கினாலோ, அதன் மேல்பூச்சு வெடித்தாலோ, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசையோ நிறமில்லாத நகப்பூச்சோ பூசினால் போதும், புதிதுபோல் ஆகிவிடும் என்று. எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அதையேதான் செய்தேன். அதன் பலனைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாலு வரியை நம்பி இன்னொருவர் தூரிகையை எடுப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாற்பது வருஷம் மோட்டார் ரீவைண்டிங் பார்த்தவன். செம்புக் கம்பி சுற்றி, கம்பிச்சுருளின் முனைகளை நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷில் நனைத்து, சூட்டடுப்பில் சுட்டு எடுப்பதுதான் பிழைப்பு. நூலும் வார்னிஷும் எனக்குத் தெரியாததா என்ற தலைக்கனம் உண்டு. அதை இறக்கி வைத்தது மாமனார் விட்டுப்போன ஏழடி ராடு.

இரண்டு துண்டாகப் பிரியும் கண்ணாடியிழை ராடு அது. கண்ணாடியிழை ராடுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவின, கார்பன் ராடுகள் 1970-களில் வந்தன. இது அந்த இடைப்பட்ட காலத்துச் சரக்கு. சிவப்பு நைலான் நூல், ஓரத்தில் நாலு சுற்று கறுப்பு நூல். ஆறு கைடு, கைடுக்கு ராடோடு ஒட்டிப் படியும் இரண்டு கால், காலுக்கு ஒரு கட்டு என்று பன்னிரண்டு. இரண்டு துண்டும் சேரும் மூட்டில் ஒன்று, நுனியில் ஒன்று. ஆகப் பதினான்கு கட்டு. மாமனாருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஈரம் துடைக்காமல் ராடைத் துணிப்பைக்குள் செருகி, பை வாயைக் கட்டி, மூலையில் சாத்திவிடுவார். பையைப் பிரித்தபோது பாதிக் கட்டுகளின் மேல்பூச்சு பால் கலந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. சிலவற்றில் பூச்சு செதிலாகவே எழும்பி நின்றது.

நான் என்ன செய்தேன்? கையிலிருந்த ஐந்து நிமிட எபாக்சியை எடுத்தேன், கீழ்க்கோடியிலிருந்து இரண்டு கட்டுக்குப் பூசினேன். மூன்றாவதுக்குப் போகும்போது பசை நூல் நூலாக இழுத்தது. பூசியதில் குமிழ்கள் அப்படியே உறைந்து நின்றன. போகட்டும், பிடித்துக்கொண்டால் சரி என்று விட்டேன். கொஞ்ச நாள் வெயில் பட்டதும் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு மஞ்சளடித்தது. ஒருநாள் ராடைக் கையால் வளைத்துப் பார்த்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். கைடின் கால் முடியும் இடத்தில், மோதிரம் போட்டது மாதிரி, முழு வட்டமாக ஒரு வெடிப்பு.

அந்த வெடிப்பு ஏன் அந்த இடத்திலேயே வருகிறது என்று யோசித்தால் விஷயம் முழுக்கப் புரிந்துவிடும். மீன் இழுக்கும்போது ராடு வில்லாக வளைகிறது. கைடின் கால் எஃகு, அது வளையாது. வளைவதும் வளையாததும் சந்திக்கும் இடம் கால் முனை. அங்கே மேல்பூச்சு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மயிரிழை நீண்டு சுருங்க வேண்டும். ராடுக்கென்றே செய்த எபாக்சி இறுகிய பிறகும் கொஞ்சம் நெகிழ்வோடு இருப்பது இதற்காகத்தான். ஐந்து நிமிடப் பசை வேறு வேலைக்குச் செய்தது. சமனாகப் படிவதற்குள் இறுகிவிடும், சீக்கிரம் மஞ்சளாகும், தண்ணீரையும் அவ்வளவாகத் தாங்காது. நகப்பூச்சின் கதை வேறு. அதிலுள்ள கரைப்பான் பழைய வார்னிஷை இளக்கிச் சுருக்கங்களை உண்டாக்கும். காய்ந்த பிறகு மிஞ்சும் படலமோ மெலிசு, நாள்பட்டால் நொறுங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைடைப் பிடித்திருப்பது பூச்சு இல்லை, நூல். இழுத்துச் சுற்றிய நூலின் இறுக்கம்தான் பிடிப்பு. நூல் நகராமலும், ஈரம் உள்ளே போகாமலும், உரசல் படாமலும் காப்பது மட்டுமே பூச்சின் வேலை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நூலை. கைடை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் மேலே என்ன பூசினாலும் வீண். பூச்சுக்கு அடியில் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே தண்ணீர் போய்க் காலில் துரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் மூடி மறைக்க முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். நூல் இறுக்கமாக இருந்து, மேலே மட்டும் மங்கல், செதில், மேலோட்டமான வெடிப்பு என்றால் பிரிக்கவே வேண்டாம். என் பதினான்கில் உண்மையில் பிரிக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று. எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அறுத்துப் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள்.

கைடுகளைப் பார்க்கும்போதே வளையங்களின் உள்விளிம்பையும் பார்த்துவிடுங்கள். கொஞ்சம் பஞ்சை உள்ளே விட்டுச் சுழற்றினால் போதும். பஞ்சின் இழை எங்காவது மாட்டினால் அங்கே கீறலோ வெடிப்போ இருக்கிறது. அது நரம்பை அறுக்கும். அந்தக் கைடை மாற்றாமல் அதன் கட்டுக்கு அழகு பார்ப்பதில் பயனில்லை.

பழைய பூச்சு வார்னிஷா எபாக்சியா என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். நகத்தைக் கட்டின் நீளவாக்கில் ஓட்டுங்கள். நூலின் வரிகள் நகத்துக்குத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் மெலிசான வார்னிஷ். கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் எபாக்சி. மாமனாருடையது வார்னிஷ். வார்னிஷ் மேல் வார்னிஷே போடுவது நல்லது. எபாக்சி போட்டாலும் நிற்கும், ஆனால் அடியிலிருக்கும் வார்னிஷ் எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் அதன் ஆயுள். நான் எபாக்சிதான் போட்டேன். வார்னிஷ் என்றால் மெலிசாக நாலைந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் காயவிட வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அவ்வளவுதான் காரணம்.

இனி சுத்தம் செய்வது. இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். சோப்புத் தண்ணீரில் ராடைக் கழுவிக் காயவைத்தேன். எழும்பி நின்ற செதில்களை மூங்கில் குச்சியின் முனையால் நெம்பி எடுத்தேன். பிறகு 600-ம் நம்பர் உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, பூச்சின் பளபளப்பு போகுமளவுக்கு மட்டும் தேய்த்தேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் இதற்குப் போதும். உப்புத்தாளில் வெள்ளைத் தூள் படிந்தால் அது பூச்சு. சிவப்பு தெரிந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள், அது நூல். என் நாலாவது கட்டில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, இழையின் மேல்முடி மட்டும் உரிந்திருந்தது.

தேய்த்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதற்கப்புறம் வெறுங்கையால் தொடக் கூடாது. நரம்பு சுற்றும் ரீலுக்குப் போடும் எண்ணெய், மெழுகு, கையில் தடவும் கிரீம், முக்கியமாக சிலிக்கான் ஸ்பிரே, இதில் எது துளி ஒட்டியிருந்தாலும் பூச்சு அந்த இடத்தை விட்டு விலகி வட்டவட்டமாகக் குழி விழும். பெயிண்ட் உரிக்கும் திரவத்தை ராடின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியிழையையும் கார்பன் இழையையும் பிடித்துவைத்திருப்பதும் ரெசின் என்ற பிசின்தான். பழைய பூச்சை உரிப்பது உள்ளே இருப்பதை விட்டுவைக்குமா?

பிரிக்க வேண்டிய மூன்று கட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேடை எப்போதும் கைடின் காலுக்கு நேர்மேலே வையுங்கள். அடியில் இரும்பு இருக்கிறது, தவறினாலும் ராடுக்குச் சேதமில்லை. சீவுவதுபோல் நூலை நீளவாக்கில் அறுத்தால் உரிந்துவிடும். பிளேடு ராடின் உடம்பில் ஒரு கீறல் போட்டாலும், பிறகு ஒருநாள் முறிவது அந்த இடத்தில்தான். துருவைத் தேய்த்து, கால் முனையைச் சின்ன அரத்தால் சரிவாகச் சீவினேன். படிபோல் நின்றால் நூல் ஏறும்போது இடைவெளி விழும். சுற்றும்போது கம்பிச்சுருள் சுற்றிய கை கொஞ்சம் உதவியது. முதல் சில சுற்றுகள் நூலின் நுனியை அமுக்கி மேலே ஏற, பிறகு ஒட்டி ஒட்டி வரிசையாக. முடிய எட்டு பத்துச் சுற்று இருக்கும்போது தனி நூலில் ஒரு கண்ணியை வைத்து அதன் மேல் சுற்றி, கடைசியில் நுனியைக் கண்ணிக்குள் விட்டுக் கண்ணியை இழுத்தால் முடிச்சே இல்லாமல் அடங்கிவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாதுகாப்புப் பூச்சு ஏறாத சாதாரண நைலான் நூல் எபாக்சியைக் குடித்ததும் கறுத்துவிடும். நான் புதிதாகச் சுற்றிய மூன்றும் மற்றதைவிட ஒரு சாயல் கருஞ்சிவப்பு. பழைய கட்டுகளிலும் பூச்சு உதிர்ந்து நூல் வெளியே தெரிந்த இடங்கள் திட்டுத்திட்டாகக் கறுத்தன. அதே சமயம், பூச்சு விட்டுப்போய் உள்ளே காற்று புகுந்து வெளுத்திருந்த சில இடங்கள் புதுப்பூச்சு இறங்கியதும் மறைந்தே போயின. சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரிதான். பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அடுத்து என் இரண்டாவது முட்டாள்தனம். ராடுக்கான எபாக்சியை வாங்கிய பிறகும் அவசரம் போகவில்லை. ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் ஹார்டனர் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகுமே என்று ஒரு எண்ணம். பாலியஸ்டர் ரெசினில் ஹார்டனர் என்று நாம் சொல்வது வினையூக்கி. அதைக் கூட்டினால் வேகம் கூடும். எபாக்சியில் அப்படி இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மிஞ்சிய ஹார்டனருக்கு ஜோடி கிடைக்காது. அது இறுகாமல் அப்படியே கிடக்கும். இரண்டு நாள் கழித்துத் தொட்டால் விரல்ரேகை பதிந்தது. ஒரு கொசு வேறு வந்து ஒட்டிக்கொண்டது. சரியான அளவில் கலந்த இன்னொரு பூச்சை அதன் மேலேயே போட்டால் பல நேரம் காப்பாற்றிவிடலாம். எனக்கும் காப்பாற்றியது, கொசுவை எடுத்த பிறகு.

ஆகவே அளவு. புட்டியில் சரிபாதி என்று போட்டிருந்தால் சரிபாதிதான். கண்ணளவு வேண்டாம். இரண்டு சிரிஞ்ச் வாங்கி, ஒன்றில் ரெசின், ஒன்றில் ஹார்டனர் என்று எழுதி ஒட்டி, ஒருநாளும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லி, 3 மில்லி எடுத்தால் இந்த ராடுக்கு மிச்சமே வரும். ஆனால் அதைவிடக் குறைத்தால் ஒரு சொட்டுப் பிசகும் பெரிய பிசகாகிவிடும். அடித்துக் கலக்காமல், ஓரத்தை வழித்து வழித்து நாலு நிமிடமாவது மெதுவாகக் கலக்க வேண்டும். மெழுகு பூசிய காகிதக் குவளையில் கலக்காதீர்கள், மெழுகு சுரண்டி உள்ளே போகும். கலந்ததும் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றிவிடுங்கள். குவளையில் குவியலாகக் கிடந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். பரப்பினால் சூடு வெளியேறும், குமிழும் மேலே வந்து உடையும். கையுறை போடுங்கள். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சாமானியமாகப் போகாது. வார்னிஷ் வேலையில் இப்படிக் கை வெடித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

பூசுவது சின்ன வேலை. மெல்லிய தூரிகையால், ராடைச் சுழற்றிக்கொண்டே, நூலின் ஓரத்துக்கு ஒரு மயிரிழை அப்பால் வரை. கைடின் கால் உள்ளே போகும் அந்தச் சின்னப் பொந்தையும் நிரப்புங்கள், தண்ணீர் புகுவது அந்த வழியில்தான். பூசியதும் சுழற்சியை ஒரு நிமிடம் நிறுத்தினால் அதிகமானது கீழே தொங்கிச் சேரும். அதைத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி சுழற்றுங்கள். மிச்சமிருக்கும் குமிழ்களுக்கு ஸ்பிரிட் விளக்கின் சுடரைக் கட்டுக்கு அடியில் ஒரு விநாடி காட்டி நகர்த்தினால் போதும். துடைத்த ஆல்கஹால் புட்டியை முதலில் மூடி அப்பால் வையுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், கரி படியும்.

அப்புறம் சுழற்ற வேண்டும், சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் குறிப்பு இந்த விஷயத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சுழலாமல் விட்டால் பூச்சு ஒரு பக்கமாகத் தொங்கி அப்படியே உறையும். இரண்டு அட்டைப்பெட்டியின் விளிம்பில் பள்ளம் வெட்டி ராடை அதில் கிடத்திக் கையாலேயே சுழற்றலாம். முதல் ஒரு மணி நேரம் நாம் அந்த இடத்தை விட்டு நகராமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று, மூன்று நாலு மணி நேரம்.

நான் மோட்டார்காரனாயிற்றே, கையால் சுழற்றுவேனா? பழுதான மைக்ரோவேவ் அவனில் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டார் ஒன்று கிடந்தது. நிமிடத்துக்கு 5 அல்லது 6 சுற்று, இதற்கென்றே செய்தது மாதிரி. ஒரு வேடிக்கை, அந்த மாதிரி மோட்டார் எந்தப் பக்கம் சுழலப் போகிறது என்று அதற்கே தெரியாது. ஒருமுறை வலம், ஒருமுறை இடம். நம் வேலைக்கு எந்தப் பக்கமானாலும் சரி. இதைப் படித்துவிட்டு யாரும் மைக்ரோவேவைத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லுமளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அந்த மோட்டார் தனியாகவே கிடைக்கிறது.

ஒரு நாள் கழித்து இரண்டாவது பூச்சு, முதலாவதைவிட மெலிசாக. நாள் தள்ளிப்போனால் மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் ராடைத் தொடவில்லை. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கியிருந்தும், மூன்றாவது கைடின் கட்டில் தூரிகை மயிர் ஒன்று உள்ளேயே மாட்டிக்கொண்டது. பிறைபோல் வளைந்து கிடக்கிறது. எடுக்கப் போனால் இன்னொரு நாள் வேலை. விட்டுவிட்டேன்.

பிளந்த மூங்கிலில் பட்டு நூல் கட்டிய அந்தக் காலத்து ராடு உங்கள் வீட்டில் இருந்தால் இவற்றில் எதையும் செய்யாதீர்கள். வார்னிஷ் ஊறிய பட்டு கண்ணாடி மாதிரி ஒளிஊடுருவி அடியில் மூங்கிலைக் காட்டும். அந்தப் பழைய கட்டும் பூச்சும்தான் அதன் மதிப்பு. விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் உப்புத்தாளை எடுப்பது பாவம்.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் அச்சிட இடமிருக்காது என்று தெரியும். வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் வர வேண்டும். நகப்பூச்சு வேண்டாம், ஐந்து நிமிடப் பசை வேண்டாம், முதலில் கைடு அசைகிறதா என்று பாருங்கள் என்று. மாமனாரின் துணிப்பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இனி காய்ந்த ராடுதான் அதற்குள் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளி ஒருவர்